கொடுத்த பிறகும் காப்பது எப்படி?

2020ஆம் ஆண்டு நீத்து சிங் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். போட்டித் தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர் அவர். அந்தத் தேர்வுகளுக்கான நூல்களையும் எழுதியவர். அவருடைய வீடியோ வகுப்புகளும் புத்தகங்களும் அனுமதியில்லாமல் டெலிகிராம் சேனல்களில் பரவிக்கொண்டிருந்தன. நீதிமன்றம் தடை விதித்தது, சேனல்கள் நீக்கப்பட்டன. நீக்க நீக்க, வேறு பெயர்களில் புதியவை முளைத்தன. அவற்றை நடத்துபவர்கள் யார் என்று கேட்டபோது, தங்கள் சர்வர்கள் சிங்கப்பூரில் இருப்பதாகவும் அந்நாட்டுச் சட்டம் பயனாளர் விவரங்களைத் தர இடம்கொடுக்காது என்றும் டெலிகிராம் வாதிட்டது. 2022 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த வாதத்தைத் தள்ளினார். சேனல்களை நடத்துபவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றை மூடிய உறையில் ஒப்படைக்க உத்தரவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் விவரங்கள் வந்து சேர்ந்தன.

வழக்கு தொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 2 ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் எத்தனை தேர்வுகள் வந்து போயிருக்கும்! பாடம் நடத்திப் பிழைக்கும் ஒருவருக்கு நீதிமன்றம் கடைசி வழியாகத்தான் இருக்க முடியும். அதற்கு முந்தைய வழிகள் எல்லாம் பாடம் வைத்திருக்கும் இணையதளத்துக்குள் இருக்கின்றன. பணம் கட்டியவர் மட்டும் உள்ளே வந்து படிக்கும்படி அமைத்த தளத்தை உறுப்பினர் தளம் என்கிறோம். தையல், வீணை, பைத்தான், டிஎன்பிஎஸ்சி பொதுத்தமிழ் என எதைக் கற்பிப்பவரும் இன்று அப்படி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவி, அதன்மேல் உறுப்பினர் பிளகின் ஒன்றைச் சேர்த்து, பணம் வாங்கும் சேவையை இணைத்துவிட்டால் கடை திறந்தாயிற்று. அந்தப் பூட்டு உண்மையில் எதைப் பூட்டுகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதைப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதைப் புரிந்துகொண்டவர் தேவையற்ற பூட்டுகளுக்குக் காசு கொடுக்கமாட்டார். தேவையானதை விட்டுவிடவும் மாட்டார்.

ஞாபகமில்லாத வலை

வலை பூட்டுவதற்காக உருவானதில்லை. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கான திட்டத்தை எழுதியபோது, ஆய்வாளர்கள் தங்கள் ஆவணங்களைத் தடையின்றிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அவர் வகுத்த எச்டிடிபி என்னும் உரையாடல் முறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த நொடி அதே பிரவுசர் இன்னொரு பக்கத்தைக் கேட்டால், கேட்பவர் சற்றுமுன் வந்தவரா, புதியவரா என்று அதற்குத் தெரியாது. பகிர்வதற்கு இது பெரிய வசதி. விற்பதற்கோ பெரிய தடை.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி அந்தத் தடையைக் குக்கி என்னும் சிறு உத்தியால் தாண்டினார். நீங்கள் லாகின் செய்ததும் சர்வர் உங்கள் பிரவுசரிடம் ஓர் எண்ணைக் கொடுத்து வைக்கிறது. அடுத்து எதைக் கேட்டாலும் பிரவுசர் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. சர்வர் தன் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, இவர் இன்னார், இந்த வகுப்புக்குப் பணம் கட்டியவர் என்று அறிந்துகொள்கிறது. எண் 128 பிட் நீளமானது என்று வைத்துக்கொள்வோம். அப்படி உருவாக்கக்கூடிய எண்களின் மொத்தத்தை எழுதவே 39 இலக்கங்கள் வேண்டும். நொடிக்கு 100 கோடி எண்கள் வீதம் முயன்றாலும், பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை முயன்றவர்கூட அதில் ஒரு துளியைத்தான் தொட்டிருப்பார்.

ஆகவே அந்த எண்ணை யாரும் ஊகிக்க முடியாது. திருட முடியும். 2010இல் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்னும் சிறு கருவியை வெளியிட்டு இதை ஊரறியக் காட்டினார். கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் அமர்ந்தபடி, பக்கத்து மேசைக்காரரின் குக்கியை எடுத்து அவர் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழைந்துவிடலாம். அன்று பெரிய தளங்கள் பலவும் லாகின் பக்கத்தை மட்டும் மறைகுறியாக்கிவிட்டு மற்றப் பக்கங்களைத் திறந்தபடி விட்டிருந்தன. இன்று லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் மறைகுறியாக்கத்துக்கான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. எந்தப் பக்கத்தையும் திறந்து விட இனிக் காரணமில்லை.

சர்வர் மறுப்புச் சொல்லும் விதத்திலேயே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நீ யார் என்றே தெரியவில்லை என்பதற்கு 401 என்ற எண்ணை அனுப்பும். நீ யாரென்று தெரியும், ஆனால் இது உனக்கில்லை என்பதற்கு 403. ஆளை அறிவதும், அவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். உறுப்பினர் தளங்களின் ஓட்டைகளில் பல இரண்டாவது வேலையில்தான் விழுகின்றன. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன். இவ்விரண்டுக்கும் நடுவே 402 என்றோர் எண்ணும் இருக்கிறது: பணம் கட்ட வேண்டும். 1990களில் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த எண்ணை, 2022இல் வெளிவந்த தர ஆவணமும் எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்றே குறிக்கிறது. வலையில் பணம் வாங்குவதற்கு இடம் உண்டு என்று முன்னோடிகள் எண்ணியிருந்தார்கள். அந்த இடத்தை நிரப்பும் வேலை நம் பிளகின்களின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

கடவுச்சொல்லின் பழைய கதை

கணினியில் கடவுச்சொல்லுக்கு நல்ல வயதாகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1960களின் தொடக்கத்தில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வைத்த அமைப்பு அது. அவரவர் கோப்பும் அவரவருக்கு ஒதுக்கிய நேரமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதால் கடவுச்சொல் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதவில்லை. 1962இல் கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி கணினிக்கே ஒரு கட்டளை அட்டை கொடுத்தார்; வெள்ளிக்கிழமை இரவு கொடுத்து, மறுநாள் காலை அச்சுத்தாள்களை எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் நேரத்தில் தன் ஆய்வை ஓட்டினார். கடவுச்சொல் பிறந்த சில மாதங்களிலேயே பிறர் கணக்கில் நுழைவதும் பிறந்துவிட்டது.

ஷெர் வெற்றி பெற்றதற்குக் காரணம், கடவுச்சொற்கள் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 47 ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளத்தை ஒருவர் உடைத்தபோது 3.2 கோடி கடவுச்சொற்கள் அதே நிலையில், மறைப்பு எதுவுமின்றிக் கிடைத்தன. இத்தனைக்கும் தீர்வு 1979லேயே அச்சில் வந்திருந்தது. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிய சிறு கட்டுரை அது. கடவுச்சொல்லைச் சேமிக்காதே; அதை ஒருவழிக் கணக்கீட்டில் செலுத்தி வரும் விடையை மட்டும் சேமி என்றார்கள். அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பொறுக்க முடியாது என்பதுபோல, அந்த விடையிலிருந்து மூலச் சொல்லை மீட்க முடியாது. லாகின் செய்யும்போது தட்டச்சிடும் சொல்லை அதே கணக்கீட்டில் செலுத்தி, இரண்டு விடைகளும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஒவ்வொருவர் சொல்லோடும் சீரற்ற சில எழுத்துகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே கடவுச்சொல் வைத்திருக்கும் இருவரின் விடைகளும் வேறுவேறாக இருக்கும். அந்தச் சேர்க்கைக்கு அவர்கள் உப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் அகராதிச் சொல்லாகவோ மிகக் குறுகியதாகவோ இருந்து எளிதில் பிடிபட்டன. மனிதர்கள் மாறவில்லை. அதனால் கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்கும் வழியை அறிஞர்கள் தேடினார்கள். 1999இல் நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மஸியேரஸும் வகுத்த பிகிரிப்டில், கணக்கீட்டின் கடுமையைக் கூட்டிக்கொண்டே போகலாம். கணினிகள் வேகமாக வேகமாக அதையும் கனமாக்கலாம். 2015இல் இதற்கென நடந்த போட்டியில் வென்ற ஆர்கான்2, வேகத்தோடு நினைவகத்தையும் விலையாகக் கேட்கிறது. ஒரு முறை லாகின் செய்யும் மாணவருக்கு நொடியின் சிறு பகுதி தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு அது ஆண்டுகளாகப் பெருகும்.

தளம் நடத்தும் ஆசிரியர் இதையெல்லாம் தானே எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், தளம் உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்புகிறதா? அப்படியானால் அது அரிசியை அப்படியே வைத்திருக்கிறது. அந்த மென்பொருளை விட்டு உடனே விலகுவது நல்லது.

பக்கத்துக்குப் பூட்டு, கோப்புக்கு?

இனி, உரிமை உண்டா என்று பார்க்கும் அந்த இரண்டாவது வேலை. ஓர் ஆசிரியர் வேர்ட்பிரஸில் பாடப் பக்கம் ஒன்றை உருவாக்கி, வீடியோவையும் பிடிஎஃப் குறிப்புகளையும் அதில் ஏற்றுகிறார். உறுப்பினருக்கு மட்டும் என்று பிளகினில் குறித்துவிடுகிறார். லாகின் செய்யாமல் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். பணம் கட்டவும் என்று வருகிறது. நிம்மதி அடைகிறார்.

பிடிஎஃப் எங்கே இருக்கிறது? வேர்ட்பிரஸ் ஏற்றும் கோப்புகளையெல்லாம் ஆண்டு, மாதம் என்று பிரித்த ஒரு பொதுக் கோப்புறையில் வைக்கிறது. பக்கத்தைக் கேட்டால் வேர்ட்பிரஸ் நிரல் ஓடும். பிளகின் எழுந்து குக்கியைச் சரிபார்க்கும். கோப்பின் முகவரியை நேரடியாகக் கேட்டால், வேகத்துக்காக சர்வர் வேர்ட்பிரஸை எழுப்பாமலே கோப்பை எடுத்துக் கொடுத்துவிடும். பிளகினுக்குக் கேள்வி கேட்க வாய்ப்பே வருவதில்லை. பணம் கட்டிய ஒரு மாணவர் அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் போதும். கோப்புக்குப் பாடம்-1, பாடம்-2 என்று வரிசையாகப் பெயர் வைத்திருந்தால் அனுப்பவும் வேண்டாம்; பாடம்-3 எங்கே இருக்கும் என்று யாரும் ஊகிப்பார்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021இல் வெளியிட்ட பத்துப் பெரிய ஆபத்துகளின் பட்டியலில், அனுமதியைச் சரியாகப் பார்க்காத பிழைதான் முதலிடத்தில் இருந்தது. நுண்ணறிவு கொண்ட ஹேக்கர்களை எண்ணி அஞ்சுபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும் என்பேன். லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் கோப்பின் முகவரியை ஒட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இதற்கான மருந்து அழகானது. கோப்புகளைப் பொதுக் கோப்புறையிலிருந்து எடுத்து, யாரும் நேரடியாகத் தொட முடியாத சேமிப்பில் வைக்கிறோம். மாணவர் பாடத்தைத் திறக்கும்போது, அவருக்காகவே ஒரு லிங்க்கை சர்வர் அந்த நொடியில் உருவாக்குகிறது. அதில் கோப்பின் பெயரும், லிங்க் காலாவதியாகும் நேரமும், மாணவரின் எண்ணும் இருக்கும். கடைசியில் ஒரு முத்திரை. முன்னுள்ள விவரங்களையும் சர்வரிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. மிகிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹூகோ கிராவ்சிக் மூவரும் 1996இல் வகுத்த எச்மேக் என்ற முறை இங்கே உழைக்கிறது. காலாவதி நேரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. புதிய முத்திரையைக் கணக்கிடச் சாவி வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளாமல், லிங்க்கைப் பார்த்த மாத்திரத்தில் அது நாம் கொடுத்ததுதானா என்று சர்வர் சொல்லிவிடும். ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் லிங்க்கை டெலிகிராமில் போட்டு யாருக்கும் பயனில்லை.

சாவியையும் கையில் கொடுத்தால்

லிங்க் காலாவதியாகும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் கோப்பையே இறக்கி வைத்துக்கொண்டால்? இங்கிருந்து பிரச்சினையின் இயல்பு மாறுகிறது. இதுவரை தடுக்க வேண்டியவர் வெளியே நின்றார். இனி அவர் உள்ளே, பணம் கட்டி, நம் அனுமதியோடு அமர்ந்திருக்கிறார்.

இணைய வீடியோ ஒரே கோப்பாக வருவதில்லை. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் வீடியோ சில நொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. இன்று வழக்கமான அளவு 6 நொடி. ஒரு மணி நேர வகுப்புக்கு 600 துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் ஏஇஎஸ் முறையில் மறைகுறியாக்கலாம். பெல்ஜியத்தின் ஜோன் டேமனும் வின்சென்ட் ரைமனும் வடிவமைத்து, 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்ட முறை அது. முறையாகப் பயன்படுத்தினால் அதை நேரடியாக உடைக்க நடைமுறையில் வழியில்லை. ஆனால் மாணவர் வீடியோவைப் பார்க்க வேண்டுமே. பார்ப்பதற்கு அவர் பிரவுசருக்குச் சாவி வேண்டும். துண்டுகளின் பட்டியலிலேயே சாவியின் முகவரியும் இருக்கும். லாகின் செய்த மாணவரிடம் துண்டுகளும் உண்டு, சாவியும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் கருவிகள் இரண்டையும் சேர்த்து முழு வீடியோவாக்கிவிடும்.

டிவிடி தயாரிப்பாளர்கள் இதை முன்பே அனுபவித்தார்கள். டிவிடித் தட்டுகளைக் காக்க சிஎஸ்எஸ் என்ற மறைகுறியாக்கம் இருந்தது. ஒவ்வொரு பிளேயரிலும் ஒரு சாவி புதைக்கப்பட்டிருந்தது. கணினியில் ஓடும் ஒரு பிளேயர் மென்பொருள் தன் சாவியைச் சரியாக மறைக்கவில்லை. 1999இல் அது வெளிப்பட்டு, டிசிஎஸ்எஸ் என்ற நிரல் உலகெங்கும் பரவியது. அதோடு பெயர் இணைந்த நார்வே இளைஞர் ஜோன் லெக் ஜொஹான்சனுக்கு அப்போது வயது 15. வாங்கிய டிவிடியைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று 2003இல் நார்வே நீதிமன்றங்கள் அவரை விடுவித்தன.

சாவியைக் கொடுத்தாக வேண்டும், ஆனால் வைத்திருப்பவர் அதைப் பார்க்கக் கூடாது. இந்த முரணுக்குக் கிடைத்த விடைதான் டிஆர்எம். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி மூன்றும் இன்று சந்தையை ஆள்கின்றன. இவற்றைப் பிரவுசருக்குள் இணைக்கும் தரத்தை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் ஏற்றது. பூட்டின் குறைகளை ஆராய்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று எதிர்த்த எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதே நாளில் அந்த அமைப்பிலிருந்து விலகியது. வைட்வைனின் உயர்நிலையில், கைபேசிச் சில்லுக்குள் ஆண்ட்ராய்டே எட்டிப் பார்க்க முடியாத தனி அறையில் சாவி இருக்கிறது. வீடியோ விரிவதும் அங்கேதான். சில செயலிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வெறும் கறுப்பு வருவதற்கு இத்தகைய பாதுகாப்பே காரணம். மேசைக் கணினிகளின் பிரவுசர்களில் பெரும்பாலும் கீழ்நிலைதான். அங்கே சாவி மென்பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அந்த நிலையை உடைத்துவிட்டதாக டேவிட் புக்கானன் என்ற ஆய்வாளர் 2019 ஜனவரியில் அறிவித்தார்.

உயர்நிலையே கிடைத்தாலும், திரையில் ஒளிரும் வகுப்பை இன்னொரு கைபேசியால் படம் பிடிப்பதை எந்தச் சில்லாலும் தடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரிய வேண்டியது கேமராவுக்கும் தெரியும். ஐயங்களைத் தீர்க்கும் நேரலை, விடைத்தாளைத் திருத்தி எழுதும் குறிப்பு, தவறு எங்கே என்று சுட்டும் பேச்சு ஆகியவை இந்தக் கேமராவுக்குச் சிக்குவதில்லை. அவை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே நிகழ்பவை. தன் பாடத்தில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிய ஆசிரியருக்குக் கசிவு குறைவாகவே வலிக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வலது கிளிக்கை முடக்குவது, எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க விடாமல் செய்வது, குறிப்புகளைப் படமாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்குவது போன்ற உத்திகளைப் பல தளங்கள் சேர்த்துக்கொள்கின்றன. நகலெடுக்கத் துணிந்தவரை இவை அரை நிமிடம்கூட நிறுத்தாது. பார்வையற்ற மாணவரை இவை வாசலிலேயே நிறுத்திவிடும். அவருடைய திரைவாசிப்பு மென்பொருளுக்கு எழுத்து எழுத்தாகவே வேண்டும். படத்தை அது படிக்காது. அச்சு நூல்களைப் படிக்க இயலாதவர்களுக்காக உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். நம் பதிப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தத்துக்குப் பின் இதற்கு இடம் தருகிறது. அதே திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டுவரை சிறை என்கிறது. நோக்கத்தைப் பார்க்கும் அந்த அணுகுமுறை நியாயமானது. நம் தளங்களும் அதையே பின்பற்றலாம்.

கசிந்த நகல் பேசும்

தடுக்க முடியாததைத் தடம் பிடிக்கலாம். டான் போனேயும் ஜேம்ஸ் ஷாவும் 1995இல் எழுதிய கட்டுரை ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லித் தொடங்குகிறது. சில நூற்றாண்டுகளுக்கு முன் மடக்கை அட்டவணை விற்றவர்கள், சில எண்களின் மடக்கையில் கடைசி இலக்கங்களில் மிகச் சிறிய பிழைகளை வேண்டுமென்றே வைப்பார்களாம். ஒவ்வொரு பிரதியிலும் பிழைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கும். கள்ளப் பிரதி ஒன்று கைக்கு வந்தால், பிழைகளைப் பார்த்து அது யாரிடமிருந்து போனது என்று சொல்லிவிடலாம்.

வீடியோவிலும் அதையே செய்கிறோம். மாணவரின் தொலைபேசி எண்ணைத் திரையில் மிதக்க விடுவது எளிய வடிவம். பல பயிற்சிச் செயலிகளில் பார்த்திருப்பீர்கள். அது நல்ல எச்சரிக்கை. ஆனால் அந்த எண் வரும் இடத்தை வெட்டிவிடலாம், மங்கலாக்கலாம். அதனால் கண்ணுக்குத் தெரியாத குறி, அதாவது வாட்டர்மார்க், வேண்டும். அதை எங்கே வைப்பது? யாரும் கவனிக்காத மிக நுண்ணிய விவரங்களில் வைக்கலாம் என்று தோன்றும். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் முதலில் தூக்கி எறிவது அந்த விவரங்களைத்தான். இன்கெமார் காக்ஸும் சகாக்களும் 1997இல் தலைகீழான யோசனையை முன்வைத்தார்கள்: படத்துக்கு முக்கியமான பகுதிகளிலேயே குறியை மிக மெல்லியதாகப் பரப்பி வை. குறியை அழிக்க முயல்பவர் படத்தையும் கெடுத்தாக வேண்டும்.

இப்போது 6 நொடித் துண்டுகளுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு துண்டையும் இரண்டு வடிவங்களில் தயாரிக்கிறோம். அ வடிவம், ஆ வடிவம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே குறி வேறு. முதல் மாணவருக்கு அ-ஆ-ஆ-அ என்று ஒரு வரிசை, அடுத்தவருக்கு ஆ-ஆ-அ-ஆ என்று வேறொரு வரிசை. சேமிப்பு இரண்டு மடங்கு ஆகிறது, அவ்வளவுதான். 10 துண்டுகளில் 1,024 வேறுபட்ட வரிசைகள் கிடைக்கும். அதாவது கசிந்த வீடியோவில் ஒரே நிமிடம் கிடைத்தால், ஆயிரம் பேர் படிக்கும் வகுப்பில் அது யாருடைய நகல் என்று தெரிந்துவிடும்.

தெரிந்துவிடுமா? இரண்டு மாணவர்கள் கூட்டுச் சேர்ந்தால் கதை மாறும். இருவரும் தங்கள் நகல்களை ஒப்பிட்டு, வேறுபடும் துண்டுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஓர் இடத்தில் இவர் துண்டு, இன்னோர் இடத்தில் அவர் துண்டு என்று கலந்து ஒரு நகலைச் செய்கிறார்கள். அது இருவர் வரிசையோடும் பொருந்தாது. அதைவிடக் கொடுமை, இதில் எந்தப் பங்குமில்லாத மூன்றாவது மாணவரின் வரிசையோடு அது அச்சாகப் பொருந்திவிடக்கூடும். குற்றமற்றவர் மாட்டுவார்.

எத்தனை பேர் கூட்டுச் சேர்ந்தாலும் ஒருவரையாவது பிடிக்க வேண்டும். அப்பாவி யாரும் சிக்கக் கூடாது. போனேயும் ஷாவும் அதற்கு ஒரு குறியீட்டைத் தந்தார்கள். ஆனால் அதன் நீளம் கூட்டாளிகளின் எண்ணிக்கையின் நான்காம் அடுக்காக வளர்ந்தது. 10 பேரைச் சமாளிக்க 10,000 மடங்கு. 2003இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் காபோர் டார்டோஷ் அதை இரண்டாம் அடுக்குக்கு இறக்கினார். 10 பேருக்கு 100 மடங்கு. இதைவிடக் குறைந்த அடுக்கு சாத்தியமில்லை என்றும் நிறுவினார்.

அவர் வழி எளிமையில் மனத்தைக் கவர்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பங்கு மாணவர்களுக்கு ஆ வடிவம் போக வேண்டும் என்பதை ரகசியமாகவும் சீரற்றும் தீர்மானிக்கிறார். ஓர் இடத்தில் நூற்றுக்கு 3 பேருக்கு ஆ, இன்னோர் இடத்தில் 95 பேருக்கு. கசிந்த நகல் கிடைத்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பெண் போடுகிறார். நகலில் அரிதான வடிவம் இருந்து, அந்த மாணவரிடமும் அதுவே இருந்தால் மதிப்பெண் நன்றாக ஏறும். பொதுவான வடிவம் பொருந்தினால் சிறிதளவே ஏறும். பொருந்தாவிட்டால் இறங்கும். அப்பாவியின் மதிப்பெண் ஏறி இறங்கி, சராசரியில் பூஜ்யத்தைச் சுற்றியே அலையும். அலைச்சலின் அளவு துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல மெல்ல வளரும். கூட்டாளிகளின் மொத்த மதிப்பெண்ணோ துண்டுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். அதை அவர்களுக்குள் பங்கிட்டால் ஒருவருக்காவது அவர் பங்கு வந்தே தீரும். எப்படிக் கலந்தாலும் சரி, வீடியோ நீள நீள அந்த ஒருவர் கூட்டத்திலிருந்து உயர்ந்து நிற்பார். ஒரு மணி நேர வகுப்பில் 600 துண்டுகள்தான். 30 மணி நேரப் பாடத்திட்டத்தில் 18,000. முழுப் பாடத்தையும் திருடிப் போட்டவர், தன்னைக் காட்டிக்கொடுக்கும் சான்றையும் அத்தனை நீளத்துக்குச் சேர்த்தே போடுகிறார்.

மதிப்பெண்ணுக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும்; அதைத் தாண்டியவரையே சந்தேகிக்கிறோம். வரம்பை எங்கே வைப்பது என்பதில் ஆசிரியரின் மனசாட்சியும் சேர்ந்திருக்கிறது. ஓர் அப்பாவி தவறாகச் சிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்பது கேட்கச் சிறியதாகத் தெரியும். ஆயிரம் பேர் படிக்கும் வகுப்பில், ஒவ்வொரு கசிவுக்கும் சராசரியாக ஓர் அப்பாவி சிக்குவார். ஒருவருக்கு ஒரு கோடியில் ஒன்று என்று வைத்தால், வகுப்பு முழுவதிலும் எவரும் தவறாகச் சிக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகும். நான் அதற்கும் மேலே வைக்கவே சொல்வேன். அதனால் சில திருடர்கள் தப்புவார்கள், தப்பட்டும்.

வரம்பைத் தாண்டியதும் கணிதம் தன் வேலையை முடித்துவிட்டது. அது காட்டுவது ஒரு கணக்கை மட்டுமே. அந்தக் கணக்குக்குள் யார் இருந்தார் என்று அதற்குத் தெரியாது. வேறெங்கோ கசிந்த பட்டியலில் இருந்த கடவுச்சொல்லையே அந்த மாணவர் இங்கும் வைத்திருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கொண்டு நுழைந்திருக்கலாம். தம்பியின் கைபேசியில் லாகின் செய்து கொடுத்திருக்கலாம். ஆகவே முதல் நாளே பெயரை வகுப்பில் அறிவிப்பதும் பணத்தைத் திருப்பித் தராமல் வெளியேற்றுவதும் கூடாது. அந்தக் கணக்கில் திறந்திருக்கும் எல்லா லாகின்களையும் மூடி, புதிய கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்க வேண்டும். மாணவரிடம் உங்கள் கணக்கில் வேறு யாரோ நுழைந்திருப்பதுபோலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, புதிய குறிவரிசை ஒன்றை அவர் கணக்குக்கு ஒதுக்க வேண்டும். அடுத்த வாரப் பாடம் வெளியே வராவிட்டால் கடவுச்சொல் கைமாறியிருந்தது என்று பொருள், அது சரியாகிவிட்டது. புதிய வரிசையோடு அந்தப் பாடமும் வெளியே வந்தால், ஆசிரியர் கையில் இப்போது தனித்தனியான இரண்டு சான்றுகள் இருக்கும். அப்போது அந்த மாணவரை அழைத்துப் பேசலாம்.